ஆறுன்னொக்கடி வீடு

எதையும் எண்ணாமல் என்னால் கடந்து போக முடியாது. குடிபாலாவிலிருந்து எங்கள் குடிசைகள் வரை சாலையோரம் நூற்றுப் பதினெட்டுப் புளியமரம். அதில் மூன்று பட்டுப்போனது. எங்கள் வீட்டுக் கூரையில் முன்பக்கம் நாற்பத்திரண்டு மூங்கில் பிளாச்சு. சித்தூர் பஸ்ஸில் ஏறினால் உட்கார்ந்தவர்களை எண்ணி, நிற்பவர்களை எண்ணி, இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். திருப்பதி மலைப்படியை நான்கு தரம் எண்ணியிருக்கிறேன். நான்கு தரமும் ஒரே எண்தான் வந்தது. எத்தனை என்று சொல்லமாட்டேன். சொன்னால் அவரவர் எண்ணிக்கையோடு சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

என் பெண்சாதி மணியம்மாவுக்கு இது பிடிப்பதில்லை.

"நான் துன்றதயும் எண்றியாயா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எண்ணல."

"பின்ன ஏன் உதடு ஆடுது? எத்தினி, சொல்லு."

"நாலு தோசை."

"மூணுதான் துன்னேன்."

"மொதல்ல அடுப்பாண்ட நின்னுக்கினே ஒண்ணு துன்ன."

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் நாலு என்பது நாலுதான்.

எங்களுக்கு மூன்று வீடு தள்ளி சுந்தரம்மா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். புருஷன் செத்த பிறகு செங்கல் சூளையில் கல் சுமந்து, அந்தப் புறம்போக்கில் தானே மண் குழைத்துச் சுவர் வைத்தவள். நான் அவள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கோழிக்குஞ்சுகளை முறத்தால் மூடுவாள்.

"எண்ணாத போடா செங்கா. நீ எண்ணிட்டுப் போறது பருந்துக்குக் கணக்குச் சொல்றாப்பல."

"ஒம்போதுக்கா. நேத்து பத்து."

"பாத்தியா, குறைச்சிட்ட."

என் பேர் செங்கல்வராயன். ஊரில் லெக்கக்காரன் என்றால்தான் தெரியும். அந்தப் பேரில் எனக்கு வருத்தமில்லை. பதினாலு வயதில் ரோட்டு வேலைக்குப் போனவன் நான். ஜல்லிக் கூடையைத் தலையில் சுமந்து மரப்பெட்டியில் கொட்டுவோம். எத்தனை கூடைக்குப் பெட்டி நிறைகிறது என்று ஒருவன் சத்தம் போட்டு எண்ணவேண்டும். என் குரல் கனத்த குரல் என்பதால் மேஸ்திரி பாலையா அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். பாலையா தெலுங்குக்காரர். கூலிகளில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ். எண்ணுவது மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. முதல் கூடைக்கு ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்று சொல்லவேண்டும். அப்புறம் ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு.

முதல் நாள் ஆறுக்கு மேல் நான் பாட்டுக்கு "ஏழு" என்றேன். பாலையா பெட்டியைக் காலால் கவிழ்த்தார்.

"ஏடு அண்டே ஏடுப்பேரா," என்றார். தெலுங்கில் ஏழுக்கும் அழுகைக்கும் ஒரே சொல். ஏடு. வேலை நடக்கிற இடத்தில் அதைச் சொன்னால் யாராவது அழுவார்களாம். "ஆறுன்னொக்கடி அனு."

அதற்குப் பதில் ஆறுன்னொக்கடி என்று சொல்லச் சொன்னார், ஆறும் ஒன்றும் என்று அர்த்தம். ஆறு கூடையையும் திரும்ப அள்ளி, முதலிலிருந்து கொட்டினோம். என்னோடு சுமந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு அப்புறம் அந்த எண்ணை நான் வாயில் வைத்ததில்லை. தெலுங்கிலும் இல்லை, தமிழிலும் இல்லை. பதினேழு, இருபத்தேழு எல்லாம் தாராளமாகச் சொல்வோம். தனியாக நிற்கிற ஏழுக்கு மட்டும்தான் அந்தக் குணம். கர்ப்பம் எத்தனை மாசம் என்று கேட்டால்கூட எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆறுன்னொக்கடி என்றுதான் சொல்வார்கள்.

இருபத்திரண்டு வருஷம் இப்படி எண்ணிய பிறகு, முப்பத்தாறாவது வயதில் எழுத்துப் படித்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டுக் கூலிகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுத்தார். அ, ஆ வருவதற்கு ஆறு மாதம் ஆனது. எண்கள் ஒரே மாலையில் வந்துவிட்டன. அவை எனக்கு ஏற்கனவே தெரிந்த ஆட்கள்தானே, முகம் மட்டும்தான் புதிது.

எல்லைத் தகராறு தீர்ந்த வருஷம் அது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. எங்கள் குடிசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் வேலூர் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் இன்னொரு ராஜ்யம் என்றானது. இந்தக் கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாததால் அதுவரை எங்கள் புறம்போக்கை எந்த ஆபீஸும் கண்டுகொள்ளவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. பதினாறு குடிசைக்கும் மனைப்பட்டா தரப்போகிறோம், கதவில் நம்பர் போடவேண்டும் என்று ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் வந்து சொன்னார். தார் டப்பாவையும் கட்டைத் தூரிகையையும் என்னிடம் கொடுத்தார்.

"லெக்கக்காரன் இருக்கறப்ப வேற ஆளு எதுக்கு? இத ஒழுங்காப் போடு. எல்லைக் கல்லு நடறப்ப அதுக்கும் நம்பர் போட ஆளு வேணுமாம். புத்தூர் வரைக்கும் வேலை. உன் பேர எழுதி அனுப்பறேன்."

தலையில் கூடை இல்லாத வேலை. என் கழுத்து எலும்புக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்று சுமந்தவனுக்குத் தெரியும். வாய்க்கால் ஓரம் முதல் குடிசையில் ஆரம்பித்து, சத்தமாக எண்ணிக்கொண்டே போட்டேன். பதினாறு கதவும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் வீடு பத்து. ஒரு சொட்டு தார் கீழே சிந்தவில்லை.

இரண்டு நாள் கழித்து சித்தூரிலிருந்து குமாஸ்தா வந்து கதவு கதவாகப் பார்த்து நம்பரையும் பேரையும் எழுதிக்கொண்டு போனார். ஒன்றரை மாதம் ஆனது. தினமும் வேலைக்குப் போகும்போது அந்தக் கதவுகளை எண்ணிக்கொண்டுதான் போனேன்.

ஒரு வியாழக்கிழமை காலை கர்ணம் இரண்டு ஆட்களோடும் ஒரு கட்டு முளையோடும் வந்தார். முதல் முளையைச் சுந்தரம்மா வாசலில் அடித்தார்கள். அவள் உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு, துடுப்பைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தாள்.

"இன்னா சாமி, என் வாசல்ல?"

"இது காலி மனைம்மா. எல்லை செக்போஸ்ட் கொட்டகைக்கு ஒதுக்கியாச்சு. திங்கக்கிழமை வேலை ஆரம்பம்."

"காலி மனையில அடுப்பு எரியுதே. அது யாரு அடுப்பு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. லிஸ்டுல பதினாறு மனை, பதினஞ்சு பேரு. ஏழாம் நம்பர்ல ஆளே இல்ல."

"பதினோரு வருசமா இங்க குந்திக்கினு இருக்கறது யாரு, என் ஆவியா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாயுடுபேட்டையில் கட்டிக்கொடுத்த மகளை அடுத்த மாதம் பிரசவத்துக்கு அழைத்துவர இருந்தாள். அழைத்துவர அந்தச் சுவர்களை விட்டால் அவளுக்கு வேறு இடம் இல்லை.

நான் முன்னால் போனேன். "சாமி, நான் கைப்பட நம்பர் போட்ட வூடு இது. கதவப் பாருங்க."

"நீயே படிடா."

"ஆறுன்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

கதவில் 61 என்று இருந்தது. என் கையெழுத்துதான். கொழுத்த ஆறு, நேரான ஒன்று. வாய் ஆறுன்னொக்கடி என்று சொன்னபோது கை ஆறும் ஒன்றும் போட்டிருக்கிறது. ஒன்றரை மாதமாகத் தினம் பார்த்திருக்கிறேன். கண் 61-ஐப் பார்த்தது, வாய் ஆறுன்னொக்கடி என்றது, இரண்டும் சரியாகப் பொருந்திப் போனது. தப்பு என்று தோன்ற வழியே இல்லை.

"அறுபத்தொண்ணு," என்று படித்தார் கர்ணம். "உங்க பதினாறுக்கு அப்புறம் ஊருக்குள்ள பதினேழுல ஆரம்பிக்குது, அதுல அறுபத்தொண்ணு கிருஷ்ணப்பாவோட ஓட்டு வீடு. ஒரே நம்பர் ரெண்டு தரம் வந்திருக்குன்னு ஆபீஸ்ல இவ பேர அடிச்சிட்டாங்க. ஏழு இல்லாததால அது காலின்னு ஆச்சு." அப்புறம் என்னைத் தனியாக வாய்க்கால் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "போய் நான்தான் தப்பாப் போட்டேன்னு சொல்லிவைக்காத. உன் பேரு மேலே போயிருக்கு. குமாஸ்தா பாத்து எழுதறப்ப தப்பு பண்ணிட்டாருன்னு சொல்லு. கதவுல இருக்கறத ராத்திரியோட ராத்திரியா மாத்திடு."

திரும்பி வந்தேன். சுந்தரம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"நீதான போட்ட?"

"நான்தான்க்கா."

"அப்ப நீயே என்னை இஸ்துகினு போ, எங்க போணுமோ."

அடுத்த பஸ்ஸில் சித்தூர் போனோம். உட்கார்ந்தவர்கள் முப்பத்தொன்று, நின்றவர்கள் பதினொன்று. கர்ணம் சொன்ன யோசனையை நானும் யோசித்துப் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் குமாஸ்தா பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவர். அவர் மேல் போட்டால் அவர் இல்லை என்பார், கதவைப் பார்க்க ஆள் வருவான், விசாரணை என்று இழுக்கும். திங்கட்கிழமைக்கு நடுவில் மூன்று நாள்தான். எண்ணிக்கை என் பக்கம் இல்லை.

தாலுகா ஆபீஸில் பகல் ஒரு மணி வரை உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது துணைத் தாசில்தார் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற அவசரத்தில் இருந்தார். தெலுங்குக்காரர். தமிழும் நன்றாகப் பேசினார். பக்கத்து மேசையில் எங்கள் கதவுகளைப் பார்த்துப் போன அதே குமாஸ்தா. பழனி என்று பேர், மதுரைப் பக்கத்து ஆள். பழைய மதராஸ் நாளில் இங்கே வேலைக்கு வந்து அப்படியே இருந்துவிட்டவர்.

"நம்பர் போட்டவன் நான்தான் சார்," என்றேன். "இந்த அம்மா வூடு ஆறுன்னொக்கடி. நான் அறுபத்தொண்ணுன்னு போட்டுட்டேன்."

பழனி தலையை நிமிர்த்தினார். "என்னப்பா உளறுற? அறுபத்தொண்ணை அறுபத்தொண்ணுன்னுதானே போடணும்?"

"இல்ல சார், அது அறுபத்தொண்ணு இல்ல. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல இருக்குதே, அது."

"அதைச் சொல்லேன் வாயைத் திறந்து."

என் வாய் திறந்தது. சொல் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் வேறொரு சொல் உட்கார்ந்திருந்தது.

"ஏழு எழுதத் தெரியாதவன் கையில தார் டப்பா குடுத்தது யாரு?" என்றார் துணைத் தாசில்தார். "பதினாறு வீட்டை நேரா எண்ணத் தெரியல, இவன் பேர எல்லைக் கல்லுக்கு எழுதியிருக்காங்க."

"எண்ணத் தெரியும் சார். பதினாறு சரியா இருக்கும். படத்துல எண்ணிப் பாருங்க, இந்த அம்மா வூடு அதுல இருக்குதா இல்லையான்னு."

பியூன் வரைபடத்தைக் கொண்டு வந்து விரித்தான். வாய்க்கால் ஒரு நீலக் கோடு, சாலை ஒரு சிவப்புக் கோடு, நடுவில் எங்கள் பதினாறு குடிசையும் பதினாறு சின்னக் கட்டங்கள். இத்தனை வருஷம் எண்ணிய வீடுகளை முதல் தரம் மேலேயிருந்து பார்த்தேன். சரியாகப் பதினாறு.

"எது உன் வீடு?" என்று சுந்தரம்மாவைக் கேட்டார்.

அவளுக்குப் படம் புரியவில்லை. "கிணத்தாண்ட, வேப்பமரத்துக்கு இந்தாண்ட," என்றாள்.

வேப்பமரம் ஒரு பச்சைப் புள்ளியாக இருந்தது. துணைத் தாசில்தார் பென்சில் முனையை வாய்க்கால் ஓரக் கட்டத்தில் வைத்தார். "நான் எண்ணிச் சொல்றேன், நம்பரக் குறிச்சுக்கோ பழனி," என்று சொல்லிவிட்டு, தனக்குள் பேசிக்கொள்கிறவர் மாதிரி எண்ண ஆரம்பித்தார். பசி நேரம். கவனம் பென்சிலில் இருந்தது.

"லாபம், ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு, ஆறுன்னொக்கடி. இதுதானம்மா, வேப்பமரம் பக்கத்துல. சரி, இருக்கு. என்ன நம்பர் போட்ட, பழனி?"

பழனி தாளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அறுபத்தொண்ணுங்கய்யா."

துணைத் தாசில்தார் தாளை வாங்கிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நான் அறுபத்தொண்ணுன்னா சொன்னேன்?"

"ஐயா சொன்னதுதானுங்களே. ஆறு, அப்புறம் ஒக்கடி."

"எங்க நைனா நெல் அளக்கறவர்," என்றார் துணைத் தாசில்தார், யாரிடம் என்று இல்லாமல். "மண்டியில அந்த நம்பரச் சொன்னா முதுகுல ஒண்ணு விழும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ எங்க கத்துக்கின?"

"ரோட்டு வேலையில சார். எங்க மேஸ்திரி பெட்டியக் கவுத்துட்டாரு."

அவர் சிரித்தார். சாப்பாட்டு அவசரம் போய்விட்டது. நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தார். பழனி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இந்த ஜில்லாவுல இன்னும் எத்தனை கதவுல இப்படி இருக்கோ," என்று முணுமுணுத்தார்.

"சரி," என்றார் துணைத் தாசில்தார். "முளைய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாத்தச் சொல்றேன். ஆனா சும்மா மாத்த முடியாது. ஃபைலுக்கு ஒரு காகிதம் வேணும். நம்பர் போட்டவன் தப்பு பண்ணேன்னு கைப்பட எழுதித் தரணும். எழுதினா, இந்தக் காகிதத்த வச்சுக்கினு எல்லைக் கல்லு வேலைக்கு உன் பேர நான் அனுப்ப முடியாது. மேல இருக்கறவங்க கேப்பாங்க. யோசிச்சுக்கோ."

"குடுங்க சார் காகிதம்," என்றேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் என் கழுத்து, ஒரு பக்கம் நாலு சுவர். கழுத்து கூடைக்குப் பழகியது. சுந்தரம்மாவின் மகள் சாலையோரத்தில் பிள்ளை பெறப் பழகியவள் இல்லை.

ஆபீஸ் தரையில் உட்கார்ந்து எழுதினேன். குடிபாலா செங்கல்வராயன் எழுதிக்கொண்டது. சுந்தரம்மா வீட்டுக்கு, என்று எழுதி நிறுத்தினேன். "நம்பரை எண்ணால எழுதாதே, எழுத்தால எழுது, இனிமே யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது," என்றார் பழனி. ஏ போட்டேன். ழு எப்படித் திரும்பும் என்று நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. ஏழு. அந்தச் சொல்லை நான் எழுதியது அதுதான் முதல் தரம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள்.

"சுந்தரம்மா வீட்டுக்கு ஏழு என்பதற்குப் பதில்," என்று படித்தேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. சுந்தரம்மா ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

வெயில் தாழ ஊர் திரும்பினோம். வீட்டுக்குப் போய்த் தார் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். மணியம்மாவும் கூடவே வந்தாள். சுந்தரம்மா கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடா எழுதப்போற?"

"உன் நம்பருதான்க்கா."

"எது, நீ ஆபீஸ்ல படிச்சியே, அதுவா? என் வாசல்லயா? பொண்ணு புள்ளப்பேறுக்கு வரப்போறா. அவ தலைவாசல்ல ஏட எழுதி வப்பியா நீ? இருக்கறதே இருக்கட்டும் போ."

"அக்கா, இருக்கறதாலதான் உன் வூடே போவப் பாத்துது."

"போவப் பாத்துது. போவல இல்ல? அப்ப நல்ல நம்பருதான் அது."

"ஃபைல்ல மாத்திட்டாங்க. கதவுல மாத்தலன்னா மறுபடியும் முளை அடிப்பாங்க."

அவள் நகரவில்லை. மணியம்மாதான் பேசினாள்.

"சொன்னாத்தானக்கா அது அழுகை? எழுதினா சும்மா சாஞ்ச கோலு. வாய் எங்க இருக்குது அதுக்கு? நீயும் படிக்கப்போறதில்ல, உன் பொண்ணும் படிக்கப்போறதில்ல. கேக்கறவங்களுக்கு ஆறுன்னொக்கடி வூடுன்னே சொல்லு."

"ஆபீஸ்காரன் வந்து சத்தமாப் படிச்சா?"

"அவன் மதுரக்காரன். அவன் பாஷையில அது அழாது."

சுந்தரம்மா கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் ஒரு பக்கமாக ஒதுங்கினாள். அரிவாள் முனையால் 6-ஐ மட்டும் சுரண்டினேன். 1-ஐத் தொடவில்லை. அதன் தலையில் இடது பக்கமாக ஒரு கோடு இழுத்தேன். அவ்வளவுதான் வேலை.

"இதுக்கா ஒரு நாள் பஸ்ஸு?" என்றாள்.

முளையை நாளைக் காலை கர்ணத்தின் ஆட்கள் வந்து பிடுங்குவார்கள் என்று சொன்னேன். அவள் காத்திருக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் அகட்டி நின்று, இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாவதுக்கு மண் விரிந்தது. மூன்றாவதில் வந்துவிட்டது.